என்ஜின் படம் போட்ட வாட்ச்

நெல்லை ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கினால் எனக்கு மூன்று வேலைகள் உண்டு. அல்வா வாங்குவது, ஈரடுக்குப் பாலத்துப் பக்கம் நின்று ஒரு டீ குடிப்பது, நண்பரைப் பார்ப்பது. போன தடவை மூன்றாவது வேலை முதல் வேலையாகிவிட்டது. ஸ்டேஷனுக்கே ஆள் அனுப்பிவிட்டார் நண்பர். போனிலும் அவசரம். "டீயெல்லாம் இங்க வந்து குடிக்கலாம்வே. உமக்கு ஒரு சாமான் காட்டணும்."

நண்பருக்கு இரும்பு வியாபாரம். நல்ல வருமானம். நாலைந்து வருஷமாகப் பழம்பொருள் பைத்தியம் பிடித்திருக்கிறது. கிராமபோன் வாங்கினார், பித்தளைத் தூக்குச்சட்டி வாங்கினார், செட்டிநாட்டுக் கதவு ஒன்று வாங்கி அதை மாட்ட வீட்டில் இடமில்லாமல் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார். இந்தத் தடவை மேஜை மேல் சிவப்பு வெல்வெட் துணி. அதன் மேல் ஒரு பாக்கெட் வாட்ச்.

"அமெரிக்கன் ரயில்ரோடு வாட்ச். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. உலகத்துலயே கொஞ்சம்தான் இருக்காம்!"

தங்க நிறம். மூடியில் புகை கக்கிக்கொண்டு வரும் நீராவி என்ஜின். பொத்தானை அமுக்கினால் டக்கென்று மூடி திறக்கிறது. உள்ளே ரோமன் எழுத்துகள், மயிரிழை மாதிரி முட்கள். பழைய படங்களில் ஜமீன்தார் வேஷக்காரர் சட்டைப்பையிலிருந்து எடுத்து, திறந்து பார்த்து, "இன்னும் வரவில்லையா?" என்று கேட்பாரே, அதே வாட்ச். விலை கேட்டேன். ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம்.

எனக்கு வாட்ச் பற்றி அப்போது ஒன்றும் தெரியாது. நான் பி.காம். எங்களுக்குத் தெரிந்த ஒரே கேள்வி, "பில் இருக்கா?" என்பதுதான். இல்லை. சரி, தெரிந்தவர்களிடம் காட்டுவோம் என்று டவுனில் ரத வீதிப் பக்கம் பெட்டிக்கடை அகலத்தில் உட்கார்ந்து வாட்ச் ரிப்பேர் பார்க்கும் பெரியவரிடம் போனோம். அவர் கண்ணில் லென்ஸை இடுக்கினார். பின்மூடியைத் திறந்தார். அரை நிமிஷம். மூடிவிட்டார்.

"சாவி கொடுத்தா ஓடும் தம்பி. ஆனா இது ரயில்ல ஏறினதில்ல."

"எப்படிச் சொல்லுதிய?" என்றார் நண்பர், முகம் சுருங்கி.

"என்ஜின் படம் போட்டிருக்குல்லா? அதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நண்பருக்கு வரவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டப் புரட்ட, பெரியவர் சொன்ன அந்த ஒரு வரிக்குள் மொத்த விமர்சனமும் அடங்கியிருப்பது தெரிந்தது. சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம், நாவலுக்கு எழுதுகிறோம். மனிதன் செய்த ஒரு சாமானுக்கும், அதைத் துரத்திக்கொண்டு ஓடும் ஆசைக்கும் ஒரு தடவை எழுதிப் பார்த்தால் என்ன?

கதை அமெரிக்காவில் ஆரம்பிக்கிறது. 1891 ஏப்ரல் 18. ஒஹையோ மாநிலத்தில் கிப்டன் என்றொரு சின்ன ஸ்டேஷன். ஒரு பாசஞ்சர் வண்டி அங்கே ஒதுங்கி நின்று, எதிரே வேகமாக வரும் மெயிலுக்கு வழிவிட வேண்டும். அந்தக் காலத்து அமெரிக்க ரயில்களில் பல இடங்களில் பாதுகாப்பு என்பதே கால அட்டவணையும் ஆளுக்கொரு வாட்ச்சும்தான். இத்தனை மணி இத்தனை நிமிஷத்துக்குள் நீ ஒதுங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். பாசஞ்சர் ஒதுங்குவதற்குள் மெயில் வந்துவிட்டது. எட்டுப் பேர் செத்தார்கள். பெரும்பாலும் மெயில் வண்டியில் தபால் பிரித்துக்கொண்டிருந்தவர்கள்.

டிரைவருடைய வாட்ச் வழியில் நாலு நிமிஷம் நின்றுபோய், தானாகவே மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது என்று சொன்னார்கள். நாலே நாலு நிமிஷம்!

உடனே ரயில்வே கம்பெனி கிளீவ்லண்ட் நகரத்து நகைக் கடைக்காரர் வெப் பால் என்பவரைக் கூப்பிட்டது. எங்கள் வழித்தடத்தில் எல்லோருடைய வாட்ச்சையும் சோதிக்க ஒரு முறை வகுத்துக் கொடுங்கள் என்றது. அவர் கொடுத்தார். 1893 வாக்கில் அது ஒரு பொது விதியாகவே ஆனது. அந்த விதிப்படி செய்யப்பட்ட வாட்சுகளுக்குத்தான் 'ரயில்ரோடு வாட்ச்' என்று பெயர். ரயிலில் கொண்டுபோன வாட்செல்லாம் ரயில்ரோடு வாட்ச் ஆகிவிடாது. வேட்டி கட்டியவரெல்லாம் மாப்பிள்ளை ஆகிவிடுவாரா?

விதிகளைப் பாருங்கள். வாட்சுக்கு மூடி கூடாது. டிரைவர் ஒரு கையில் என்ஜினைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் மூடி திறந்துகொண்டிருக்க முடியாது. வெள்ளை டயலில் கறுப்பாக, தடியாக 1, 2, 3 என்ற எண்கள். தடித்த முட்கள். சாவி கொடுக்கும் திருகு 12-க்கு நேர் மேலே. குறைந்தது 17 கல்.

இந்த 'கல்' விஷயத்தில் ஒரு சின்ன விளக்கம். டயலில் '17 ஜூவல்ஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து வைரம் எங்கே என்று தேடியவர்கள் நம் ஊரில் உண்டு. அது நகைக்கல் இல்லை. சக்கரங்களின் அச்சு உலோகத்தில் உரசித் தேய்ந்துவிடாமல் இருக்க, அச்சு முனை உட்காரும் குழியில் வைக்கும் கடினமான சின்னக் கல். மாட்டுவண்டி அச்சுக்கு மை போடுகிறோமே, அதன் தம்பி.

இன்னும் இருக்கிறது. படுக்க வைத்தாலும், குப்புற வைத்தாலும், நிறுத்தி வைத்தாலும், சாய்த்தாலும் நேரம் மாறக் கூடாது. அப்படி ஐந்து நிலைகளில் சரிபார்த்திருக்க வேண்டும். உறைபனிக்குப் பக்கத்துக் குளிரிலும் 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலிலும், அதாவது நம்ம ஊர் சித்திரை மாசத்திலும், ஒரே மாதிரி ஓட வேண்டும். வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

எனக்கு ரொம்பப் பிடித்த விதி இதுதான்: திருகை இழுத்து முள்ளை நகர்த்தும் வசதி இருக்கக் கூடாது. நேரம் மாற்ற வேண்டுமென்றால் முன்பக்கக் கண்ணாடி வளையத்தைத் திருகிக் கழற்றி, ஓரத்தில் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன நெம்புகோலை நகத்தால் இழுத்து, அப்புறம்தான் திருக முடியும். ஏன்? சாவி கொடுக்கும்போது கைதவறி முள் நகர்ந்துவிட்டால்? அதற்காக! வேலையைச் சுலபமாக்குவதைத்தான் நாம் வசதி என்கிறோம். தப்பு செய்வதைக் கஷ்டமாக்குவதும் ஒரு வசதிதான் என்று கண்டுபிடித்தவன் பெரிய ஆள்.

இந்த வாட்சுகளின் முகத்தைப் பார்த்தால் ஒரு நல்ல ஆசிரியர் திருத்திக் கொடுத்த கட்டுரை மாதிரி இருக்கிறது. தேவையில்லாதது எல்லாம் வெட்டப்பட்டுவிட்டது. மாண்ட்கோமரி டயல் என்று ஒரு வகை உண்டு. அதில் 1 முதல் 60 வரை ஒவ்வொரு நிமிஷத்துக்கும் எண் போட்டிருக்கும். பார்த்த மாத்திரத்தில் '38' என்று படித்துவிடலாம். எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அழகாக இருக்கட்டும் என்று யாரும் அதைச் செய்யவில்லை. ஆனால் அழகாக இருக்கிறது. அழகு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் இடங்களில் அது ஒன்று.

வேடிக்கை என்னவென்றால், பின்பக்கம் திறந்தால் நேர்மாறு. வாட்ச்காரர்கள் 'மிஷின்' என்று சொல்லும் உள்பாகத்தின் நிக்கல் தகடுகளில் அலை அலையாக, வட்டம் வட்டமாகக் கோலம் போட்டிருக்கிறார்கள். அதை அன்றாடம் பார்க்கப்போவது யார்? ரிப்பேர்காரர் மட்டும்தான். ஆனால் விற்கும்போது கடைக்காரர் பின்மூடியைத் திறந்து காட்டுவார் அல்லவா? முகம் ரயிலுக்கு, முதுகு வியாபாரத்துக்கு!

வியாபாரம் என்று வந்துவிட்டதால் எங்கள் துறைக்கு வருகிறேன். கிப்டன் கதையைச் சொல்கிறவர்கள் கொஞ்சம் வேகமாகத் தாண்டிப்போகும் இரண்டு இடங்கள் உண்டு.

ஒன்று, விதி எழுதிய வெப் பால் அதே விதிக்குப் பொருந்தும் வாட்சுகளை விற்கவும் செய்தார். அவருக்கென்று வாட்ச் தொழிற்சாலை இல்லை. ஹாமில்டன், வால்தம் போன்ற கம்பெனிகளிடம் மிஷின் வாங்கி, தன் பெயரைப் போட்டு விற்றார். அந்த வாட்ச்சை வாங்கியது யார்? ரயில்வே கம்பெனி இல்லை. தொழிலாளி. பல வாரச் சம்பளத்தைக் கொட்டி, பெரும்பாலும் தவணையில். வாங்கினால் மட்டும் போதாது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அங்கீகாரம் பெற்ற நகைக் கடையில் காட்டி, எத்தனை விநாடி கூடுதல், எத்தனை குறைச்சல் என்று ஒரு அட்டையில் எழுதி வாங்க வேண்டும். கம்பெனியின் பாதுகாப்புச் செலவைத் தொழிலாளியின் குடும்ப பட்ஜெட்டில் எழுதிய கணக்கு இது. வாட்ச் உயர்ந்தது என்பதில் சந்தேகமில்லை. கணக்கு உயர்ந்ததில்லை.

இரண்டு, அந்தப் பாசஞ்சர் வண்டியில் நின்றுபோன வாட்ச் மட்டும் இல்லை, இன்னொரு வாட்ச்சும் இருந்தது. வண்டியின் கண்டக்டரிடம். நம்ம ரயில்வே பாஷையில் கார்டு. அவருடைய வாட்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வண்டி கிளம்பியதிலிருந்து மோதும் வரை அதைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை என்று அவரே பிறகு ஒப்புக்கொண்டார். டிரைவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டாராம். அதாவது எட்டு உயிர் போனதற்கு ஓடாத வாட்ச் பாதிக் காரணம். பார்க்காத கண் மீதிக் காரணம். முதல் பாதிக்கு விதி போட்டார்கள், வாட்ச் விற்றார்கள். இரண்டாவது பாதியை எந்தக் கடையில் விற்பது?

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் எனக்கு வேண்டியிருக்கிறது.

இப்போது சேகரிப்பவர்களிடம் வருவோம். அமெரிக்காவில் 1943-லேயே வாட்ச், கடிகாரம் சேகரிப்பவர்களுக்குச் சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். மிஷினில் பொறித்த வரிசை எண்ணை வைத்து எந்த வருஷத்து வாட்ச் என்று கண்டுபிடிக்கப் பட்டியல்கள் உண்டு. மெச்ச வேண்டிய உழைப்பு. ஆனால் இந்தப் பொழுதுபோக்கின் அடிமடியில் ஒரு முரண்பாடு உட்கார்ந்திருக்கிறது. ரயில்ரோடு வாட்ச்சின் பெருமையே எல்லாம் ஒரே மாதிரி இருப்பதுதான். நியூயார்க்கில் இருக்கும் டிரைவரின் வாட்ச்சும் அவருக்கு எதிரே வரும் டிரைவரின் வாட்ச்சும் ஒன்று சொன்னது போல் ஓடினால்தான் உயிர் பிழைக்கும். அப்படி ஒன்று போல் இருப்பதற்கென்றே பிறந்த சாமானில், மற்றதைப்போல் இல்லாத ஒன்றைத் தேடி அலைவதுதான் சேகரிப்பு!

ஹாமில்டன் 992 என்று ஒரு வாட்ச். அதன் பிந்தைய வடிவம் 992பி, 1940-ல் வந்து 1969 வரை தயாரானது. ரயில்காரர்கள் கொண்டாடிய மிஷின். ஏராளமாகச் செய்தார்கள், ஏராளமாக விற்றது, இன்றும் கிடைக்கிறது. அதனால் சேகரிப்பவருக்கு அதில் பெரிய கிளர்ச்சி இல்லை. கொஞ்சமே செய்து நிறுத்திய மாடல், சீக்கிரமே மூடிப்போன கம்பெனியின் சரக்கு என்றால் கண் விரிகிறது. ஆக 'அரிய வாட்ச்' என்றால் பல சமயம் 'விற்காத வாட்ச்' என்று அர்த்தம். எழுத்தில்கூட இந்த வியாதி உண்டு. யாரும் படிக்காத புத்தகத்தை மட்டுமே சிபாரிசு செய்யும் விமர்சகர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது தங்கம். அந்தக் கால அமெரிக்காவில் மிஷினும் வெளிக்கூடும் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் விற்பனை. மிஷினை ஒரு கம்பெனி செய்யும், கூட்டை இன்னொரு கம்பெனி செய்யும், நகைக் கடைக்காரர் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பார். 1980-ல் தங்கம் விலை எகிறியபோது, தங்கக் கூடுகளையெல்லாம் கழற்றி உருக்கிவிட்டார்கள். அருமையான மிஷின்கள் சட்டை இல்லாமல் நடுத்தெருவில் நின்றன. அப்புறம் கிடைத்த கூட்டில் கிடைத்த மிஷினை மாட்டி விற்பது ஒரு தொழிலானது. நம்ம ஊரில் பாட்டியின் அட்டிகையை அழித்து நெக்லஸ் செய்கிறோமே, அதே கதை. உலகமெங்கும் தங்கத்துக்கு ஒரே புத்திதான்.

அப்புறம், நண்பர் வாங்கிய வகை. ரயில்ரோடு வாட்சுக்குக் கிராக்கி ஏறிய அந்தக் காலத்திலேயே மலிவான மிஷினை வைத்து, டயலிலும் மூடியிலும் என்ஜின் படம் போட்டு, ரயிலை நினைவுபடுத்தும் ஏதாவது பெயர் எழுதி விற்றார்கள். ஏமாந்தவர்கள் ரயில்காரர்கள் இல்லை, ரயிலைப் பார்த்து வாய் பிளந்தவர்கள். நிஜமான ரயில்காரருக்குத் தன் வாட்ச்சில் என்ஜின் படம் எதற்கு? என்ஜின்தான் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறதே! பெரியவர் சொன்னதன் அர்த்தம் இதுதான்.

சரி, அமெரிக்காவை விடுங்கள். தாமிரபரணிக் கரையில் ரயில் ஓடவில்லையா? அங்கே கார்டும் டிரைவரும் வாட்ச் வைத்திருக்கவில்லையா?

இருந்தார்கள். 1876-லேயே மணியாச்சி வழியாகத் திருநெல்வேலிக்கு ரயில் வந்துவிட்டது. 1900-களின் தொடக்கத்தில் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், தென்காசி என்று ஆற்றோடு மேற்கே போய், 1904-ல் செங்கோட்டைக்கு அப்பால் மலையைக் குடைந்து புனலூர் வரை போனது மீட்டர் கேஜ். ஆனால் இங்கே ஒரு பெரிய வித்தியாசம். நம்ம ஒற்றைத் தண்டவாளத்தில் உயிரைக் காப்பாற்றியது வாட்ச் இல்லை. டோக்கன்!

பழைய நெல்லைக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். பிரம்பு வளையத்தில் ஒரு பை தொங்கும். அதற்குள் டோக்கன். வண்டி மெதுவாக ஸ்டேஷனைக் கடக்கும்போது என்ஜினிலிருந்து ஒரு கை பழைய வளையத்தை வீசிவிட்டு, புது வளையத்தைக் கொத்திக்கொண்டு போகும். அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் தண்டவாளம் உனக்கு மட்டும்தான் என்பதற்கு அதுதான் சாட்சி. இரண்டு ஸ்டேஷன் கருவிகளும் மின்கம்பி வழியாகப் பேசிக்கொள்ளும். ஒரு டோக்கன் வெளியே இருந்தால் இன்னொன்று வெளியே வராது. உன் வாட்ச் நாலு நிமிஷம் நின்றுபோனாலும் யாரும் சாகமாட்டார்கள். வண்டி லேட் ஆகும், அவ்வளவுதான்.

அதனால்தான் நம்ம ரயில் வாட்சுக்கு அமெரிக்க வாட்ச் மாதிரி வீர வரலாறு கிடையாது. பம்பாயில் 1865-ல் கடை விரித்த ஃபேவர் லூபாவும், 1886-ல் ஆரம்பித்த வெஸ்ட் எண்ட் கம்பெனியும் சுவிட்சர்லாந்திலிருந்து கொண்டுவந்த வாட்சுகள்தான் நம் ஆட்களின் சட்டைப்பையில். அடக்கமான, வெளிறிய நிக்கல் கூடு. சிலவற்றின் முதுகில் ரயில்வே கம்பெனியின் எழுத்துகளும் ஒரு நம்பரும். அவ்வளவே. கார்டு கையில் இருக்க வேண்டிய சாமான்களில் ஒன்று அது. சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, விசில், கைவிளக்கு, வாட்ச்.

வீர வரலாறு கிடையாது என்றேனே தவிர, வரலாறே கிடையாது என்று சொல்லவில்லை. இந்தியா முழுவதும் ஓடிய ரயில்களுக்கு 1870 வாக்கிலிருந்து 1905 முடிய ஒரே நேரமாக இருந்தது எது தெரியுமா? மெட்ராஸ் நேரம். பம்பாயிலிருந்து கல்கத்தாவுக்குப் போகிற வண்டியும் மெட்ராஸ் மணிக்குத்தான் போகும். 1802-ல் மதராஸ் வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் கணக்கிட்டு வைத்தது அது. கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிஷம் 14 விநாடி முந்தியது. 1906 ஜனவரி 1-ல் தான் இன்றைய ஐந்தரை மணி வந்தது. நெல்லை, மெட்ராஸுக்கு மேற்கே இருக்கிறது. எனவே அந்தக் காலத்தில் திருநெல்வேலி ஸ்டேஷன் கடிகாரம், நெல்லையப்பர் கோயில் கோபுரத்து நிழலை விடச் சுமார் 10 நிமிஷம் முந்தி ஓடியது. ஊருக்கு ஒரு நேரம், ரயிலுக்கு ஒரு நேரம். நிழலைப் பார்த்து வண்டிக்குப் போனவர், வண்டி போன தடத்தைத்தான் பார்த்திருப்பார்! இன்றைக்கு அந்த இடைவெளி கூடித்தான் இருக்கிறது. கடிகாரம் 12 காட்டும்போது நெல்லைச் சூரியன் உச்சிக்கு வர இன்னும் 19 நிமிஷம் போல ஆகும். நாம்தான் நிழலைப் பார்ப்பதை விட்டுவிட்டோம்.

இன்னொரு 10 நிமிஷமும் உண்டு. 1911 ஜூன் 17. கலெக்டர் ஆஷ் திருநெல்வேலியில் ஒன்பதரை மணிக்கு ஏறிய வண்டி மணியாச்சிக்கு வந்தது 10.38-க்கு. அவர் போக வேண்டிய போட் மெயில் 10.48-க்கு. அந்த இடைவெளியில்தான் செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறினார். நம்ம மாவட்டத்து வரலாற்றில் நிமிஷக் கணக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிகிற சம்பவங்கள் குறைவு. அது தெரிவதற்குக் காரணம், ரயில்வே நிமிஷத்தை எழுதிவைக்கும் நிறுவனமாக இருந்ததுதான். கார்டின் வாட்ச் உயிரைக் காக்கவில்லை, சரி. ஆனால் நேரத்துக்குச் சாட்சி சொன்னது.

சாட்சி என்று எழுதும்போதே கை கூசுகிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பெரியப்பா கார்டாக இருந்தவர். செங்கோட்டை மீட்டர் கேஜில் பல வருஷம். இப்போது அந்த வேலைக்கு 2022 முதல் 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர். பெரியப்பா கேட்டால் சிரித்திருப்பார். அவரிடம் சொந்தக் காசில் வாங்கிய வெஸ்ட் எண்ட் பாக்கெட் வாட்ச் ஒன்று இருந்தது. வெள்ளிச் சங்கிலியோடு. தினமும் காலையில் ரேடியோ செய்திக்கு முன்னால் 'பிப் பிப்' என்று மணி சொல்லும்போது வாட்ச்சைப் பார்ப்பார். ஒரு நோட்டில் எழுதுவார். தேதி, கூட்டல் 4. தேதி, கழித்தல் 2. பக்கத்தில் சில நாள் ஒரு வரி. 'கீழக்கடையத்தில் மழை.' 'டோக்கன் தவறிக் கீழே விழுந்தது.' 'ஆற்றில் வெள்ளம், பாலத்தில் மெதுவாக.' ரிட்டையர் ஆன பிறகும் விடவில்லை. வண்டி இல்லாவிட்டால் என்ன, வாட்ச் ஓடுகிறதே!

2003-ல் அவர் காலமானார். காரியமெல்லாம் முடிந்து வீட்டைச் சுத்தம் செய்தபோது, "நீதான் பி.காம். படிச்சவன், கணக்குப் பாரு" என்று என்னிடம் விட்டார்கள். நானும் பார்த்தேன். சங்கிலி வெள்ளி, எடைக்கு விலை உண்டு, பட்டறையில் கொடுத்தேன். வாட்ச் வெறும் நிக்கல். பழைய சாமான் வாங்குகிறவர் 350 ரூபாய் சொன்னார், கொடுத்தேன். நோட்டுகள் எட்டோ ஒன்பதோ. பழைய பேப்பரோடு தராசில் வைத்தேன்.

பெரியம்மா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை கேட்டார். "அந்த நோட்டுல அவுக கையெழுத்து இருக்குமேய்யா?"

"வெறும் கணக்குதான் பெரியம்மா" என்றேன் நான்.

மொத்தப் பணத்தையும் ஒரு ரூபாய் குறையாமல் எண்ணி அவர் கையில் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. சாமான் வாங்கிய விலையில் வருஷா வருஷம் கழித்துக்கொண்டே வந்து கடைசியில் பூஜ்யமாக்குவது. நற்பெயர் என்றும் ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாது, கையில் பிடிக்க முடியாது, ஆனால் சொத்துப் பட்டியலில் எழுத வேண்டும். பரீட்சையில் இரண்டுக்கும் சரியாகப் பதில் எழுதி மார்க் வாங்கியவன் நான். வீட்டில் தேய்மானத்தை மட்டும் கணக்கில் எடுத்தேன். அந்த வாட்ச்சுக்கு ஜோடி வாட்ச் எங்கேயாவது பெட்டியில் தூங்கும், தேடினால் கிடைக்கும். அந்த நோட்டு எங்கே கிடைக்கும்?

கிப்டன் கார்டை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே. பையில் வாட்ச் இருந்தது, எடுத்துப் பார்க்கவில்லை. நானும் அவரேதான்.

அதனால் இந்தச் சேகரிப்பு மோகத்தின் மேல் என் விமர்சனம் பணத்தைப் பற்றியது இல்லை. காசு இருக்கிறவர் செலவு செய்கிறார். என் சண்டை வேறு. நாம் வாட்ச்சைச் சேகரிக்கிறோம், ஓடிய கதையை உதிர்த்துவிடுகிறோம். கூடு தங்கமா, எத்தனை கல், எத்தனை செய்தார்கள் என்று கேட்கிறோம். யார் பையில் இருந்தது, எந்த வண்டியில் போனது என்று கேட்பதில்லை. கேட்காததால் விற்பவரும் சொல்வதில்லை. சொல்லத் தேவையில்லாததால் கூட்டைப் பளபளவென்று தேய்க்கிறார். தேய்க்கும்போது முதுகில் இருந்த நம்பரும் எழுத்தும் சேர்ந்து போகிறது. டயல் மங்கலாக இருந்தால் புதிதாகப் பெயின்ட் அடித்து வருகிறது. மும்பையில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பழைய வெஸ்ட் எண்ட் சோவார் வாட்சுக்கு நீலத்திலும் பச்சையிலும் புது டயல் போட்டு விற்கிறார்கள். 1961-ல் பெங்களூரில் பிறந்து, 2016-ல் மூடுவிழா முடிவான எச்.எம்.டி. வாட்சுக்கும் இதே கதிதான். கம்பெனி மூடியவுடன் பாசம் பொங்கியது. பாசம் பொங்கியவுடன் போலி பொங்கியது.

கடல் தாண்டிய வாட்ச்சை வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு நல்ல ஹாமில்டனைக் கையில் வைத்துக் காதில் ஒட்டிக் கேட்டுப் பாருங்கள். நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு தொழிலாளியின் பல வாரச் சம்பளம் அது. அந்த மரியாதையோடு வாங்குங்கள். மூடி இருந்தால், என்ஜின் படம் இருந்தால், திருகை இழுத்தவுடன் முள் நகர்ந்தால், மூன்று தடவை யோசித்து வாங்குங்கள். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் வீட்டுப் பரணைப் பாருங்கள். ரயில்வேயில், மில்லில், தபாலாபீஸில், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ஒருவரின் வாட்ச் அங்கே கிடக்கலாம். கிடந்தால் தேய்க்காதீர்கள். டயலை மாற்றாதீர்கள். சங்கிலியைப் பிரித்து எடை போடாதீர்கள். ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள்: இன்னாருடையது, இன்ன வேலை, இந்த ஊரிலிருந்து இந்த ஊர் வரை. அதை வாட்சோடு வையுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

நண்பர் அந்த வாட்ச்சை விற்கவில்லை. வெல்வெட் துணியும் அப்படியே இருக்கிறது. யார் வந்தாலும் எடுத்துக் காட்டுகிறார். ஒரே ஒரு மாற்றம். காட்டும்போது, "ரயில்லயே ஏறாத ரயில் வாட்ச்வே இது, நல்லாப் பாத்துக்கிடும்" என்கிறார். அதோடு டவுன் பெரியவர் கடைக்கு அடிக்கடி போய் உட்கார ஆரம்பித்திருக்கிறார். போன வாரம் போன் செய்தார்.

"உங்க பெரியப்பா வாட்ச்ல நம்பர் ஏதாச்சும் இருந்துச்சா? பெரியவர் கேக்காரு. இங்கதான எங்கயாச்சும் கைமாறியிருக்கும், பாத்தாச் சொல்லுதேங்காரு."

யோசித்துப் பார்த்தேன். பெரியப்பா அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்.